யதார்த்தப் பிரிவும் என் இருமலும்

டிவியில் வருவதெல்லாம் புளுகு என்று சொல்லிக்கொண்டே கிழவனானவன் நான். வானிலை அறிக்கையைக்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவனைப் பிடித்து டிவிக்குள்ளேயே தள்ளிவிட்டது என் வீட்டுக்காரி. அதற்குக் காரணம் என் சகலை.

சகலை என்றால் அவளுடைய தங்கச்சி புருஷன். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு குடோன் தீப்பிடித்தது. நியூஸ்காரப் பெண் மைக்கைப் பிடித்து மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நம்ம ஆள் வாயைப் பிளந்து நின்று காது குடைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான் சங்கதி. அன்றிலிருந்து என் கொழுந்தியாள் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் "எங்க வீட்டுக்காரர் டிவியில வந்தப்போ" என்றுதான் தொடங்குவாள். வெங்காய விலையைப் பேசினாலும் அப்படித்தான். குடோன் சாம்பலாகி அந்த இடத்தில் வேறு கட்டடமே வந்துவிட்டது. சகலையின் புகழ் மட்டும் இன்னும் அணையவில்லை.

என் வீட்டுக்காரி இதை வெகுகாலம் பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுத்துக்கொண்டால் அடுப்படியில் பாத்திரம் பொறுக்காது. ராத்திரியெல்லாம் டமார் டமார் என்று கேட்கும்.

அவள் விடாமல் பார்க்கிற தொடர் ஒன்று உண்டு. ஒரு கோட்டை, அதற்கு அடித்துக்கொள்ளும் இரண்டு ராஜா, நடுநடுவே வந்து நெருப்பைக் கக்கிவிட்டுப் போகும் ஒரு பறக்கும் பிராணி. டிராகன் என்று பேராம். எனக்கு அது இறக்கை முளைத்த உடும்பு. அந்தத் தொடர் எடுக்கும் கம்பெனியில் எங்கள் மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறார். ஈட்டி, கேடயம், சாப்பாட்டு அண்டா எல்லாம் அவர் வண்டியில்தான் போகும். பெரிய சண்டை எடுக்கப்போகிறார்கள், கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று அவர் ஒருநாள் வாயைவிட்டார். வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை. உங்க முகம் அதுல தெரிஞ்சா போதும். அவ வாயை அடைச்சிடலாம்."

"நான் பொய்ச் சண்டைக்குப் போறதா?"

"உங்களை யாரு சண்டை போடச் சொன்னா? முகத்தைக் காட்டிட்டு வாங்க. முக்கியமா இந்த இடது பக்கம், அந்த மரு தெரியுற மாதிரி."

என் இடது கன்னத்தில் உளுந்தளவுக்கு ஒரு மரு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அதை ஒரு குறையாகச் சொன்னவள் இவள்தான். இப்போது அதுவே எங்கள் குடும்பத்தின் கொடி ஆகிவிட்டது. நான் சரி என்று சொல்வதற்குள் மாடிப்படியில் இருக்கிற வீடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தங்கச்சியையும் சகலையையும் அந்தச் சண்டை வரும் அன்றைக்கு வீட்டுக்கு அழைத்தும் விட்டாள். இனி நான் முகத்தைக் காட்டாமல் வந்தால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது.

மாப்பிள்ளை என்னை ஈட்டிகளோடு ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பெரிய தகரக் கொட்டகை முன்னால் இறக்கிவிட்டார். வாசலில் பலகை: யதார்த்தப் பிரிவு.

"மாமா, முதல்ல இவங்க பார்த்து விடணும். ஏதாவது சொன்னா தலையாட்டிடுங்க. எதிர்த்துப் பேசாதீங்க."

"அப்படி என்ன பெரிய இடம்?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். போன தடவை எடுத்த சண்டையில் வெட்டுப்பட்டு விழுந்த வீரன் ஒருவன் கையில் கைக்கடிகாரம் இருந்ததாம். மணி பார்த்துவிட்டுச் செத்தான் போலிருக்கிறது. ஜனங்கள் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார்கள். அந்த மானம் போன நாளில் பிறந்ததுதான் இந்தப் பிரிவு. அந்தக் காலத்தில் எது இருந்தது, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்வது இவர்கள்தான். தலைமை அதிகாரி ஒருவர் இருந்தார். முன்னால் ஐயா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் யதார்த்தம் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

யதார்த்தம் மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்ன?" என்றார், என் முகத்தைக் காட்டி.

"மூக்குங்க."

"அதுக்கு மேல."

"கண்ணாடி."

"எந்த நூற்றாண்டு?"

"போன வருஷம் மாத்தினது."

கழற்றச் சொன்னார். அவர் மூக்கிலும் ஒன்று இருந்தது. என்னுடையதைவிடத் தடிப்பு. "நீங்களும் போட்டிருக்கீங்களே" என்றேன். மாப்பிள்ளை என் முழங்கையைக் கிள்ளினார்.

"நான் கேமராவுக்குப் பின்னால இருக்கேன் பெரியவரே. அங்க எந்த நூற்றாண்டு வேணும்னாலும் இருந்துக்கலாம்."

கண்ணாடி போனதும் அவர் முகம் எனக்கு வழித்துவிட்ட மாவு மாதிரி ஆகிவிட்டது. அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்து "பல்லைக் காட்டுங்க" என்றார். சிரிக்கச் சொல்கிறார் என்று நினைத்து நானும் இளித்தேன்.

"கட்டின பல்லு. கழட்டிடுங்க."

"பல்லு இல்லாம அந்தக் காலத்துல எப்படிங்க சாப்பிட்டிருப்பான்?"

"கஷ்டப்பட்டான். எங்களுக்கு வேண்டியதே அந்தக் கஷ்டம்தான்."

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். எனக்குப் பாதி முகமும் போய்விட்டது. கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. இந்த மூஞ்சியை வீட்டுக்காரியே அடையாளம் கண்டுபிடிப்பாளா என்று எனக்குக் கவலை வந்தது. அந்த நேரம் பார்த்து ராஜா வேஷக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் வாயைத் திறந்ததும், கண்ணாடி இல்லாத எனக்கே, குழல்விளக்குப் போட்டாற்போல் தெரிந்தது.

"அந்த ராஜா பல்லு?" என்றேன்.

"அவர் பற்பசை விளம்பரத்துல வர்றாரு. அது ஒப்பந்தம். ஒப்பந்தமும் ஒரு யதார்த்தம்தான்."

பிறகு என் வயதைக் கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்த உதவி அதிகாரிகளோடு தலையைச் சேர்த்து வைத்து வெகுநேரம் பேசினார். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போதுகூட எனக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை.

"ஒரு சிக்கல் இருக்கு பெரியவரே. அந்தக் காலத்துல சராசரி ஆயுசு ரொம்பக் குறைவு. உங்க வயசுல ஒரு படைவீரன் உயிரோட இருக்க வாய்ப்பே இல்ல."

"நான் இருக்கேனே."

"அது இந்தக் காலம்."

"அப்போ என்ன பண்ணலாம்?"

"செத்துடுங்க" என்றார், நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்பதுபோல. "பிணங்களுக்கு இடம் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். நிற்கிறவன் ஓடுவான், குதிப்பான், முகம் யாருக்கும் பதியாது. பிணம் ஓரிடத்தில் கிடக்கும். கேமரா வந்தால் சாவகாசமாகப் பார்க்கும். இடது கன்னம் மேலே தெரியும்படி படுத்துக்கொண்டால் சகலை எம்மாத்திரம்? சரி, சாகிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

வெளியே மைதானம். ஒருத்தன் நீளக் கம்பின் நுனியில் பச்சைப் பந்தைச் சொருகிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தான். "யாரு மாப்பிள்ளை இவன், பாவம்?" என்றேன்.

"அதுதான் மாமா டிராகன்."

திரும்பி நடந்து யதார்த்தத்திடமே போனேன். "ஐயா, கண்ணாடி பொய், பல்லு பொய், என் வயசு பொய். ஆகாசத்துல பறந்து நெருப்பு துப்புற உடும்பு மட்டும் அந்தக் காலத்துல இருந்துச்சா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது. "டிராகன் எங்க பொறுப்புல இல்ல பெரியவரே. அது கற்பனைப் பிரிவு. மாடியில இருக்காங்க. அவங்க விஷயத்துல நாங்க தலையிடுறதில்ல. ஆனா டிராகனுக்குக் கீழ நிக்கிறவன் செருப்பு எங்க பொறுப்பு."

எனக்குக் காயம் போட்டது நடுத்தர வயது அம்மா ஒருத்தி. கழுத்தில் ஒரு வெட்டு, நெற்றியில் ஒரு கீறல், மெழுகில் செய்து ஒட்டினாள். வேலை சுத்தம். நல்ல மனுஷி என்று தெரிந்ததும் என் குறையைச் சொன்னேன், சகலை, குடோன், காது குடைந்தது எல்லாம். அவள் சிரிக்காமல் கேட்டாள்.

"எனக்கும் ஒரு நாத்தனார் இருக்கா பெரியவரே. நான் பார்த்துக்கிறேன்" என்று இடது கன்னத்தைத் தொடாமல் விட்டுவிட்டாள். மருவை ஒரு துணியால் துடைத்தும் விட்டாள்.

அப்போது சேறு மேற்பார்வையாளர் வந்தார். ஆமாம், அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது. மைதானத்தில் இயற்கையாகவே முழங்கால் வரை சேறு கிடந்தது. அதை அவர் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இது இந்தக் காலத்துச் சேறு" என்று தள்ளிவிட்டார். அந்தக் காலத்துச் சேறு பைகளில் வந்து இறங்கியது. ஒரு பையைப் பிரித்துக் கரைத்தார். என் இடது கன்னத்தைப் பார்த்தார்.

"செத்தவன் கன்னம் இவ்வளவு சுத்தமா இருக்காதே."

"இப்பதாங்க செத்தேன்" என்றேன்.

ஒரு கை அள்ளி அப்பினார். கொடி இறங்கிவிட்டது. காயம் போடும் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படுக்க வைத்தார்கள். வானம் பார்த்துத்தான் முதலில் படுத்தேன். மிஞ்சிய துளி நம்பிக்கையும் எனக்கு அதில்தான். அன்று குளிர். என் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது.

"ஒரு பிணம் மூச்சு விடுது" என்று எங்கிருந்தோ ஒருவர் கத்தினார்.

யதார்த்தம் வந்து குனிந்தார். "பெரியவரே, நிறுத்த முடியுமா?"

"எவ்வளவு நேரத்துக்கு?"

"காட்சி முடியுற வரைக்கும்."

"அப்புறம் மறுபடி தொடங்க முடியாதுங்களே."

அவர் அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். மூக்கு வாய் மரு எல்லாம் அந்தக் காலத்துச் சேற்றுக்குள் போயிற்று. இனி டிவியில் என் முகம் தெரிய வேண்டுமானால் பூமிக்கு அடியிலிருந்து படம் பிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரு நப்பாசை. சேறு கரையும், முகம் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் பத்துப் பேர் ஓடிவந்து எங்களுக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். நிஜ மழை கேமராவில் மழை மாதிரி தெரியாதாம். மேலே நிஜ மழை தார்ப்பாயில் பொத்துப் பொத்தென்று விழ, கீழே எங்கள் மேல் குழாய் மழை அடித்தார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்து என் முதுகில் இறங்கின.

சாப்பாட்டு வேளையிலும் பிணங்களை எழுந்திருக்க விடவில்லை. எழுந்தால் கை கால் இடம் மாறிவிடுமாம், முன்னால் எடுத்ததோடு ஒட்டாதாம். உயிரோடு இருந்தவர்கள் வரிசையில் போய்ச் சாப்பிட்டார்கள். செத்தவர்களுக்கு ஆள் வந்து ஊட்டினார்கள். எனக்குப் பல் இல்லையே, ரொட்டியை டீயில் நனைத்து வாயோரமாகத் திணித்தார்கள். என் பக்கத்தில் கிடந்த பிணம் ஒரு தையல்காரர். சேற்றுக்குள்ளிருந்தே முனகினார்: "நிஜமா செத்தாக்கூட ஒரு மாலையாவது போட்டிருப்பாங்க."

சாப்பாடு ஆனதும் யதார்த்தம் ஒரு பேச்சுப் பேசினார். அவருக்கு ஒருவர் குடை பிடித்திருந்தார், இன்னொருவர் காப்பி பிடித்திருந்தார். இதையெல்லாம் காயம் போடும் அம்மா பிறகு சொன்னாள். என் பார்வை மண்ணில்தான் இருந்தது.

"நண்பர்களே, போர்ங்கிறது பெருமை இல்ல. குளிர், பசி, ஈரம், பயம். அதை வீட்டுல உட்கார்ந்திருக்கிறவன் உணரணும். உங்க வலி எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு நாளும் நானும் அந்த வலியைச் சுமக்கிறேன். நேத்து முழுக்க என் நாற்காலியில மெத்தை இல்ல. யாருகிட்டயாவது சொன்னேனா?"

உயிரோடு இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிணங்களுக்கு அந்த வசதி இல்லை.

கடைசிக் காட்சி. சண்டை முடிந்து களம் முழுக்க மரண அமைதி. யாரும் அசையக்கூடாது, கால் மாற்றக்கூடாது. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஈ பறந்தால் கேட்கும். அப்போதுதான் காலையிலிருந்து நெஞ்சில் கட்டிய சளி மேலே ஏறியது. பல்லைக் கடித்து அடக்கலாம் என்றால் பல் இல்லை. இருமிவிட்டேன். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றில் தொடங்கி, நடுவில் ஒரு விசில் அடித்து, கடைசியில் ஓட்டைத் தகரத்தை இழுத்தாற்போல் முடிகிற என் பரம்பரை இருமல்.

போச்சு, இனி முதுகுகூட டிவியில் வராது என்று கிடந்தேன். செருப்புச் சத்தம் என் காதருகே வந்து நின்றது.

"யாரு இருமினது?"

"நாந்தாங்க. மன்னிச்சிடுங்க."

யதார்த்தத்தின் குரல் என் காதுவரை இறங்கி வந்தது. "சாகுறவனோட கடைசிச் சத்தத்துக்காக எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன் தெரியுமா? எங்கேயும் கிடைக்கல. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"வீட்டுலதான்."

அந்த இருமல் இருக்கட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அதோடு நிற்காமல், கேமராக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு உத்தரவும் போட்டார். விளக்கையெல்லாம் அணைக்க வேண்டும், இதுவரை எடுத்த சண்டையையும் அதே மாதிரி இருட்டாக்க வேண்டும். அந்தக் காலத்துப் போர்க்களத்தில் யார் லைட் போட்டார்கள்?

"பகல்ல நடக்கிற சண்டைங்க ஐயா" என்றார் கேமராக்காரர்.

"புகை இருக்கும். தூசி இருக்கும். மேகம் இருக்கும். வீரனுக்கே எதுவும் தெரியல, வீட்டுல இருக்கிறவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

போகும்போது கண்ணாடியையும் பல்லையும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார்கள். பல்லைப் போட்டுப் பார்த்தால் என் வாயில் வேறு யாரோ சிரிக்கிறான். வாசலில் தையல்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் பல்லை மாற்றிக்கொண்டோம்.

வீட்டில் நான் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. "முகம் தெரியுமா?" என்று கேட்டாள். "கவனிச்சுப் பார்க்கணும்" என்றேன். பொய் இல்லை.

அந்த நாள் வந்தது. தங்கச்சியும் சகலையும் பொழுது சாயும்போதே வந்துவிட்டார்கள். சகலை, தான் டிவியில் வந்த அன்று போட்டிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையும் மகளும் ஓரமாக நின்றார்கள். வீட்டுக்காரி டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

சண்டை தொடங்கியது. திரை கருப்பாகிவிட்டது.

"கரண்ட் போயிடுச்சா அக்கா?" என்றாள் கொழுந்தியாள்.

"கரண்ட் போனா சத்தம் எப்படிடி வரும்?"

வாள் மோதுகிறது, குதிரை கனைக்கிறது, யாரோ அம்மா என்கிறான். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ரிமோட்டை அமுக்கி வெளிச்சத்தைக் கூட்டினார். கருப்பு கொஞ்சம் சாம்பல் ஆனது. கருப்புக் கண்ணாடியில் நாங்கள்தான் வரிசையாகத் தெரிந்தோம். ஒரு தடவை டிராகன் நெருப்பைக் கக்கியது. அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று ராஜாவின் பல் தெரிந்தது. மறுபடி இருட்டு.

"அத்தான் எங்க இருக்காரு?" என்றாள் கொழுந்தியாள், குரலில் சர்க்கரையோடு. "எங்க வீட்டுக்காரர் வந்தப்போ பட்டப்பகல் மாதிரி இருந்துச்சு."

"தீப்பிடிச்சா வெளிச்சமாத்தானே இருக்கும்" என்றேன். வீட்டுக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் இறுகிக்கொண்டே போனது. அவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சேற்றில் கிடந்தபோதுகூட இவ்வளவு சங்கடமாக இல்லை.

சத்தமெல்லாம் அடங்கியது. அந்த அமைதி வந்தது. அதற்குள்ளிருந்து அடிவயிற்றில் தொடங்கி, நடுவில் விசில் அடித்து, தகரம் இழுத்து முடிந்தது ஓர் இருமல்.

வீட்டுக்காரி பட்டென்று நிமிர்ந்தாள். "அதோ."

"எங்கக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்படிடி தெரியும்? அவருதான். கேட்டியா? உன் வீட்டுக்காரர் முகத்தைத்தானே காட்டுனாங்க. சத்தம் வந்துச்சா? சும்மா நின்னு காதுதானே குடைஞ்சாரு?"

சகலை காதிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். மகள் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் ஓடினாள். கொழுந்தியாளுக்குப் பேச்சு வரவில்லை. அப்படி ஒரு காட்சியை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

அதோடு டிவியை அணைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொடர் முடிந்ததும் பேட்டி என்று யதார்த்தத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் மேல் மட்டும் லைட் நன்றாக விழுந்தது. பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "சார், பார்த்தவங்க எல்லாரும் பாராட்டுறாங்க. டிராகன் அப்படியே நேர்ல பார்த்த மாதிரி இருந்துச்சாம். ஒரே ஒரு குறை சொல்றாங்க. கடைசியில வர்ற அந்த இருமல் மட்டும் செயற்கையா இருந்துச்சாம்."

யதார்த்தம் தலையைக் குனிந்தார். "ஒத்துக்கிறேன். எங்க பிரிவோட தவறு. ஒரு மனுஷன் அப்படி இரும மாட்டான். மறு ஒளிபரப்புல அதை எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல இயற்கையான இருமலா ஒண்ணு செஞ்சு போட்டுடுவோம்."

கொழுந்தியாளுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா அக்கா? பொய்யாம்."

வீட்டுக்காரி எழுந்துபோய் டிவியை அணைத்தாள். ரிமோட்டில் இல்லை, சுவரில் இருந்த சுவிட்சில்.

"யாருடி பொய்யி? கல்யாணம் ஆனதுல இருந்து பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அதைக் கேட்டுக் கேட்டு எந்திரிச்சு எத்தனை தடவை வெந்நீர் வெச்சிருக்கேன். அது பொய்யாம். அந்த உடும்பு நிஜமாம்."

டிராகனை அவள் உடும்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு வெந்நீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அன்றைக்கு இருமவே இல்லை. வைத்துவிட்டாளே என்பதற்காக ஒரு மரியாதைக்கு லேசாக இருமிக் காட்டினேன்.

"நடிக்காதீங்க" என்றாள்.